சிஎம்பி சர்வீஸ் கிரேடு எம்1 கேரண்ட்: கலவைதான், ஆனால் நேர்மையான கலவை

அமெரிக்காவில் இருந்துகொண்டு, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஏந்திய எம்1 கேரண்ட் ரைஃபிளை வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் சிஎம்பி பக்கம் போங்கள், துப்பாக்கிக் கண்காட்சிகளை அப்புறம் சுற்றலாம். சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்பது முழுப்பெயர். ராணுவத்திடமிருந்து வந்த பழைய ரைஃபிள்களைச் சோதித்து, தரம் பிரித்து, மக்களுக்கு விற்கிறார்கள். அலபாமாவில் ஆனிஸ்டனில் கடை உண்டு, தபாலிலும் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை, இணைந்த கிளப் ஒன்றில் உறுப்பினர் அட்டை, சுடும் பயிற்சிக்கு அத்தாட்சி என்று காகித வேலை கொஞ்சம் இழுக்கும்.

நான் எடுத்தது அவர்கள் பிரிக்கும் தரங்களில் ஒன்றான சர்வீஸ் கிரேடு. ரிசீவர், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் உடற்பகுதி, ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி தயாரித்தது, வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1944 தொடக்கம். போல்டை நகர்த்தும் கம்பியான ஆப்பரேட்டிங் ராடைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் பேரலின் வலது பக்கம் அதன் மாதமும் வருடமும் தெரியும், இதில் 1953. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்டில் எச்ஆர்ஏ, அதாவது 1950களில் ஒப்பந்தம் பெற்ற ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன். டிரிக்கர் ஹவுசிங்கோ வின்செஸ்டர். மரம் புத்தம் புது வால்நட், இதை விற்பனைக் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இப்படிக் கலந்து கிடப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஜெர்மன் ராணுவ ரைஃபிளான 98கே போலப் பாகத்துக்குப் பாகம் வரிசை எண் அடிக்கும் வழக்கம் கேரண்டில் கிடையாது, ரிசீவரில் மட்டும்தான் எண். மற்ற பாகங்களில் இருப்பது வரைபட எண்: போர்க்காலப் போல்டுக்கு டி28287, ஆப்பரேட்டிங் ராடுக்கு டி35382, கூடவே திருத்த எண்ணும் தயாரித்தவரின் எழுத்தும். போருக்குப் பிறகு ராணுவக் கிடங்குகளில் இவற்றை மொத்தமாகக் கழற்றி, தேய்ந்ததை ஒதுக்கி, கைக்கு வந்த நல்ல பாகத்தை மாட்டி அனுப்பினார்கள், எந்தப் பாகம் எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று யாரும் கவலைப்படவில்லை. மரத்தைக் கழற்றினால் ரிசீவரின் காலில் மின்பேனாவால் ஆர்ஆர்ஏடி என்று கிறுக்கி 1965 போட்டிருக்கிறது. டெக்சஸின் ரெட் ரிவர் கிடங்கில் புதுப்பித்தார்கள் என்று அர்த்தம். எனக்கு இந்தத் துப்பாக்கியிலேயே பிடித்த இடம் அதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம், கண்காட்சி மேசைகளில் "எல்லாப் பாகமும் 1944, அப்படியே ஒரிஜினல்" என்று ஏறக்குறைய இரட்டை விலைக்கு வைத்திருப்பார்களே, அவை. அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆப்பரேட்டிங் ராடில் ஒரு செங்கோண மூலை விரிசல் விடும் என்பதால் போருக்குப் பிறகு அங்கே அரைவட்டமாக வெட்டிவிட்டார்கள், வெட்டாத ராடு இன்று அரிது, அதனால் வெட்டை வெல்டு வைத்து நிரப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் அந்த இடம் மட்டும் வேறு நிறமாக இருந்தது. ஸ்டாக்கில், அதாவது மரப்பகுதியில், என்எஃப்ஆர் என்ற ஆய்வு அதிகாரியின் பெயரெழுத்து முத்திரை. 1944 தொடக்கத்து ஸ்பிரிங்ஃபீல்டு என்றால் ஜிஏடபிள்யூதான் இருக்க வேண்டும், என்எஃப்ஆர் அந்த ஆண்டின் கடைசியில் வந்தது. மரத்தின் விளிம்பெல்லாம் மழுங்கிப் போயிருக்க, எழுத்து மட்டும் நேற்று அடித்தது மாதிரி கூர்மையாக எப்படி இருக்கும்? கேட்டதற்கு விற்பவர் பேச்சை மாற்றிவிட்டார். ஒவ்வொரு பாகமும் உண்மையான பழைய பாகமாகவே இருந்தாலும், தேடித்தேடி வாங்கிப் பொருத்தியதற்கு ஒரிஜினல் விலை கொடுக்க என் மனம் ஒப்பாது.

சுடுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரலில் தோட்டா நுழையும் இடத்தின் தொண்டைத் தேய்மானம், அது வெளியேறும் முனையின் வாய்த் தேய்மானம் இரண்டையும் அளந்து சீட்டில் எழுதித் தருகிறார்கள், எண் சின்னதாக இருந்தால் நல்லது. எட்டுத் தோட்டா கிளிப் காலியாகித் தெறிக்கும் அந்தச் சத்தத்துக்காகவே சிலர் இதை வாங்குவார்கள், அதில் தப்பில்லை.

சேகரிப்பு அலமாரிக்கு மட்டும் என்றால் புது மரம் உறுத்தும். பழைய மரம் கிடைக்கும்வரை காத்திருங்கள், அல்லது வேறு கிரேடு பாருங்கள். சுடவும் வேண்டும், உண்மையான பழைய இரும்பும் வேண்டும் என்றால் தயங்காமல் சர்வீஸ் கிரேடு எடுக்கலாம். கடையில் கிடைக்கிற கனமான வேட்டைத் தோட்டாவைப் போடாதீர்கள், ராடு வளைந்துவிடும். எம்2 பால் (Ball) என்ற பழைய ராணுவத் தோட்டாவின் அளவுக்கு ஏற்றிய, 150 கிரெயின் எடைக் குண்டுள்ள தோட்டா போதும். போல்ட் ஓடும் தடத்தில் எண்ணெய் அல்ல, கிரீஸ் தடவுங்கள்.