30 எச்பி என்று நம்பி வாங்கிய ஷியர் மெஷின்: 6,80,000 ரூபாய் போச்சு

பழைய இரும்பு வெட்ட செகண்ட் ஹேண்ட் ஷியர் மெஷின் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 6,80,000 ரூபாய் போயிருக்கிறது. கரண்ட் பில்லில் போனது தனிக் கணக்கு. ஆள் பெயரையும் இணையதளத்தின் பெயரையும் எழுதக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பழைய இயந்திரங்கள் விற்கிற ஒரு தளம், அதில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் வாங்கி வைத்திருக்கிற ஒரு டீலர். இவ்வளவு போதும். இன்று காலையில்கூட அதே ஆள் இன்னொரு மெஷினுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்: "30 எச்பி, மணிக்கு 12 யூனிட்தான்." அதைப் பார்த்த கோபத்தில்தான் எழுதுகிறேன்.

கோவைக்கு வெளியே பழைய இரும்பு குடோன் வைத்திருக்கிறேன். இங்கே இரும்பு உருக்குகிற ஃபவுண்டரிகளுக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்காரர்களுக்கும் நீளக் கம்பியும் ஆங்கிளும் அப்படியே போட்டால் ஆகாது. சின்னத் துண்டாக வெட்டிக் கொடுத்தால்தான் நல்ல விலை. கேஸ் கட்டிங்கில் ஆக்சிஜன் சிலிண்டர், எல்பிஜி, ஆள் கூலி, அதற்கு மேல் கசடாகப் போகிற இரும்பு. கணக்குப் போட்டால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அதனால்தான் ஹைட்ராலிக் அலிகேட்டர் ஷியர், அந்த முதலை வாய் மெஷின், ஒன்று போடலாம் என்று இறங்கினேன். கரண்ட் பில்தான் ஒரே பயம். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறி, நிலைக் கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் சேர்ந்ததிலிருந்து இந்தப் பக்கம் குறுந்தொழில்காரர்கள் படும் பாடு தெரியும். 2023-ல் கதவடைப்பு வரைக்கும் போனோம். அதனால் டீலரிடம் போனிலேயே முதலில் சொன்னேன்: "என் கரண்ட் கனெக்ஷனுக்கு அனுமதித்த லோடு 40 எச்பி. அதற்குள் ஓட வேண்டும், யூனிட் குறைவாக இழுக்க வேண்டும்."

அப்படிச் சொன்னதும்தான் அவர் இந்த மெஷினைக் காட்டினார். அது எதனால் என்று இப்போது புரிகிறது.

நேரில் போனேன். நல்ல மரியாதை. டீ வரவழைத்தார், வாய்க்கு வாய் அண்ணா. மெஷினுக்குப் புது பெயின்ட், மோட்டாரில் 30 எச்பி என்று பளபளவென்று ஒரு அலுமினியத் தகடு. "அண்ணா, நான் சொல்றதை நம்பாதீங்க, மீட்டர் சொல்றதை நம்புங்க" என்று, கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டரைத் தானே எடுத்துவந்து கேபிளில் கவ்வ வைத்தார். 31 ஆம்ப்ஸ். 30 எச்பி மோட்டார் முழு லோடில் 40 ஆம்ப்ஸ் வாக்கில் இழுக்கும் என்பது எனக்கும் தெரியும். ஒரு பையன் பெடலை மிதித்து விரல் கனத்தில் நாலைந்து கம்பிகளை நறுக் நறுக்கென்று வெட்டிக் காட்டினான். அப்போதும் 31, வெட்டாமல் சும்மா ஓடும்போதும் 31. "பாருங்கண்ணா, மெஷினுக்கு வெட்டுறதே தெரியலை" என்றார். பிரஷர் கேஜின் கண்ணாடி உடைந்து முள் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "இருநூறு ரூபாய் சாமான்ணா, லோடு ஏத்துறப்ப புதுசு மாட்டிடுறேன்" என்றார். விற்கிறவனே மீட்டரை எடுத்து நம் கையில் கொடுக்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? 6,80,000 ரூபாய், முழுத் தொகையும் லாரி கிளம்பும் முன்னால் வாங்கிக்கொண்டார்.

குடோனில் இறக்கி ஓட்டினால் கம்பி வெட்டுகிறது, கனமான ஆங்கிள் வைத்தால் வாய் பாதியில் நிற்கிறது. போன் செய்தேன். அன்றைக்கு மட்டும் உடனே ஆள் அனுப்பினார். வந்த மெக்கானிக் ஒரு ஸ்குருவைத் திருகினார், ஆங்கிள் வெட்டியது, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த ஸ்குருதான் ரிலீஃப் வால்வு. பிரஷர் இதற்கு மேல் ஏறாதபடி வெட்டிவிடுகிற வால்வு. டெமோ காட்டியபோது அதைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். குறைந்த பிரஷர், குறைந்த ஆம்ப்ஸ், மெல்லிய கம்பி. கேஜ் ஏன் உடைந்திருந்தது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் வந்த பில்லைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. யூனிட் மூன்று மடங்குக்கு மேல், அனுமதித்த லோடைத் தாண்டியதற்கு அபராதம் வேறு. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, மோட்டார் காலடியிலிருந்து ஷாஃப்டின் நடு வரைக்கும் அளந்தார். 225 மில்லிமீட்டர். "இது முப்பது எச்பி இல்லீங்க தம்பி. நாலு போல் மோட்டார் முப்பதுன்னா 180 ஃபிரேம், இங்கே 180 தான் வரோணும். இது அம்பது எச்பி ஃபிரேமுங்க" என்றார். ஃபிரேம் நம்பர் என்பதே அந்த உயரம்தானாம், போல் என்பது மோட்டாருக்குள் இருக்கிற காந்த முனை. அப்புறம் நகத்தால் தகட்டின் ரிவெட்டைச் சுரண்டினார். மோட்டார் பழசு, ரிவெட் புதுசு. என் 40 எச்பி கணக்குக்காகவே 50 எச்பி மோட்டாருக்கு 30 என்று பெயர் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இத்தோடு முடியவில்லை. இந்த மெஷினில் பிளேடு இரும்பைக் கடிப்பது ஓரிரு வினாடிதான். மற்ற நேரமெல்லாம் ஆள் துண்டை எடுத்து வைக்கிற நேரம், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆயில் பிரஷர் இல்லாமல் டேங்குக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கென்று அன்லோடிங் வால்வு இருக்கும். என் மெஷினில் அந்த வால்வைக் கழற்றிவிட்டு இடத்தைத் தகடு போட்டு அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தது. அதனால் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் பம்ப் முழுப் பிரஷரில் ஆயிலை ரிலீஃப் வால்வு வழியாகத் தள்ளுகிறது. கரண்ட் எல்லாம் சூடாகப் போகிறது. அரை மணி நேரம் ஓட்டினால் டேங்க் மேல் கை வைக்க முடியாது. டெமோவில் 31-லேயே முள் நின்றதன் ரகசியமும் இதுதான்.

புது கேஜ் மாட்டிப் பார்த்தோம்: பிரஷர் 200 பார். பம்ப் நிமிஷத்துக்கு 95 லிட்டர். இரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 31.7 கிலோவாட். பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தால் லைனிலிருந்து 40 கிலோவாட், அதாவது மணிக்கு 40 யூனிட். விளம்பரத்தில் 12. நாளைக்கு 6 மணி நேரம், மாதம் 25 நாள், யூனிட் 8 ரூபாய் என்றே வையுங்கள். மாதம் 33,600 ரூபாய் கூடுதல், அதிலும் பெரும்பகுதி ஒன்றுமே வெட்டாத நேரத்துக்கு!

டீலரிடம் கேட்டால் பதிலுக்குக் குறைச்சலில்லை. முதலில் "உங்க ஏரியால லோ வோல்டேஜ்ணா". அப்புறம் "பிளேடு மழுங்கியிருக்கும், சாணை பிடிங்க". பிடித்தோம். "ஆயில் மாத்துங்க." மாற்றினோம். "கூலர் வைங்கண்ணா." அந்தக் கூலருக்கும் அவரிடமே விலை இருந்தது. மோட்டார் தகட்டைப் பற்றிக் கேட்ட அன்றிலிருந்து அண்ணா போய் சார் வந்துவிட்டது: "சார், பழைய மெஷின் சார், உள்ளது உள்ளபடிதான் சார்." இப்போது யாரோ ஒரு பெண் எடுத்து "ஓனர் வெளியூர்" என்கிறார். ஓனரோ வெளியூரிலிருந்தே தினமும் விளம்பரம் போடுகிறார்!

இணையதளக்காரர்கள் அதற்கும் மேல். பச்சை டிக்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். போன் நம்பரும் ஜிஎஸ்டி எண்ணும் சரிபார்த்தோம் என்று அர்த்தமாம், மெஷினுக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வேறு வந்தது. யாருக்குத் தீர்ந்தது? எனக்கு 6,80,000 ரூபாய் திரும்ப வரவில்லை.

வக்கீல் சொன்னது இன்னொரு அடி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு வழக்குப் போட முடியாது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியதென்றால் விலக்கு உண்டு, அதை நிரூபிக்க வேண்டும். அதற்குள் டீலர் கொடுத்த பில்லை எடுத்துப் பார்த்தால் எச்பியும் இல்லை, யூனிட்டும் இல்லை. "பழைய இயந்திரம், 1" என்று ஒரே வரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், பார்க்கலாம். மெஷினை அப்படியே எடைக்குப் போடு என்கிறான் மச்சான். பழைய இரும்புக்காரனுக்கே பழைய இரும்பு விற்றிருக்கிறான் அந்த ஆள்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது லோடு வந்து நிற்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகட்டை நம்பாதீர்கள், டேப் கொண்டு போங்கள்: 30 எச்பி நாலு போலுக்கு 180, 50-க்கு 225. வேலை செய்கிற பிரஷர் கேஜ் இல்லாமல் டெமோ பார்க்காதீர்கள், நீங்கள் வெட்டப்போகிற கனத்திலேயே இரும்பு கொண்டு போய் வெட்டச் சொல்லுங்கள். பெடலை விட்டதும் ஆம்ப்ஸ் சரசரவென்று இறங்க வேண்டும், இறங்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். எச்பி, பிரஷர், மணிக்கு எத்தனை யூனிட் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் லாரி ஏற்றும் இடத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பாதியாவது உங்கள் குடோனில் ஒரு வாரம் ஓடி, மெஷினுக்கென்று தனியாக மாட்டிய சப்மீட்டர் ரீடிங் பார்த்த பிறகு.