‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

என் இடது கண் இமை மாலை நேரங்களில் தானாக இறங்கத் தொடங்கியது 2022 ஜூன் மாதம். அந்த நோய்க்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு பெயர் இருப்பதை 2023 ஆகஸ்ட்டில்தான் தெரிந்துகொண்டேன். இடையில் பதினான்கு மாதங்கள். அந்த மாதங்களில் போன பணத்தைக்கூட மறந்துவிடுவேன். ஒரு ‘நரம்பு சிகிச்சை மையத்தில்’ என் கையில் ஊசி குத்தி ஏற்றிய மருந்தை மறக்க முடியவில்லை. அவர்களுடைய விளம்பரம் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பஸ் நிலையச் சுவரில் பளிச்சென்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியை. அப்போது எனக்கு வயது 38. நாள் முழுக்கப் பேசுவதுதான் தொழில். முதல் பாடவேளையில் கணீரென்று இருக்கும் குரல், மதிய உணவுக்குப் பிறகு செய்யுள் வாசிக்கும்போது நான்காவது வரிக்குள் மூக்குக்குள் போய்விடும். ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், சளி பிடித்திருக்கிறதா?” என்று கேட்டாள். கரும்பலகையில் எழுதும்போது எழுத்து வரிக்கு வரி கீழே சரியும், கையைத் தூக்கி வைத்திருக்க முடியாது. இரவு சாப்பிடும்போது நான்கைந்து வாய் மென்றதும் தாடை ஓய்ந்துவிடும். இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவேன். சாலையில் வரும் ஒரு பஸ் இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகிவிடும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் காலையில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. என்னைப் பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் என்னைக் காலையில்தான் பார்த்தார்கள்.

முதலில் கண்ணாடிக் கடை. “பவர் மாறியிருக்கிறது” என்று 4,800 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி. இரண்டு பஸ்களும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான். பிறகு பொது மருத்துவர். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை என்று வரிசையாகச் சோதனைகள். எல்லாம் சரி. அடுத்து பெரிய தனியார் மருத்துவமனையில் நரம்பியல் நிபுணர். காலை 9 மணிக்கு அப்பாயிண்ட்மென்ட். மூளைக்கு எம்.ஆர்.ஐ., கை கால்களுக்கு நரம்புக் கடத்தல் சோதனை. எல்லாவற்றையும் ஒரே உறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்த நேரம் அதைவிடக் குறைவு. “எல்லாமே நார்மல் அம்மா. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? மன அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதித் தந்தார்.

மாலையில் குரல் போகிறது, மாலையில் இமை விழுகிறது என்று நான் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அது அவருடைய சீட்டில் எழுதப்படவில்லை. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதில் எனக்கு வெட்கமில்லை. மன அழுத்தம் உண்மையான நோய். ஆனால் ஒருவருக்கு மன அழுத்தம் இருக்கிறது என்று சொல்வதற்கும் அவரிடம் உட்கார்ந்து பேசித்தானே ஆகவேண்டும்! சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதாலேயே ஒரு பெண்ணை மனநோயாளி ஆக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு மாதம் அந்த மாத்திரைகளை விழுங்கினேன். வீட்டிலும் நம்பிவிட்டார்கள். கடைசியில் நானும் நம்பினேன். மாலையில் இமை இறங்கும்போது, ‘நானே இதை வரவழைத்துக்கொள்கிறேனோ’ என்று கண்ணாடி முன் நின்று அழுதிருக்கிறேன்.

இந்த நிலையில் இருப்பவர்களைத்தான் அந்த மையத்துக்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். நம் ஊரில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரு சொல் இருக்கிறது. கை நடுக்கம், களைப்பு, தூக்கமின்மை, ஆண்மைக் குறைவு, கால் மரத்துப்போதல் என்று எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டுவிடலாம். எந்தச் சோதனையிலும் அகப்படாத ஒருவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரிய ஆறுதல் கிடைக்கிறது, ‘அப்பாடா, எனக்கு ஏதோ இருக்கிறது’ என்று. எனக்கும் கிடைத்தது. அந்த ஆறுதலுக்குத்தான் நான் பணம் கட்டினேன்.

மாடியில் குளிரூட்டப்பட்ட அறை. சுவரில் நரம்பு மண்டலத்தின் பெரிய படம். என் உள்ளங்கையில் ஒரு உலோகக் குழலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு நிமிடம்தான். கணினியிலிருந்து 30 பக்கத்துக்கு மேல் வண்ண அறிக்கை வந்தது: மூளை நரம்புகளின் பலம், ஈரலின் பலம், எலும்பின் பலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். என் நரம்பு பலம் 43 சதவீதமாம். உடம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்காமல், உலோகத்தைப் பிடித்ததை மட்டும் வைத்து ஈரலைப் பற்றிச் சொல்லும் கருவி மருத்துவத்தில் கிடையாது. படித்த நான் அதை அன்றைக்கு யோசிக்கவில்லை. 21 நாள் சிகிச்சை, 48,000 ரூபாய், மொத்தமாக முன்பணம் கட்டினால் 43,200. நகையை அடகு வைத்துக் கட்டினோம். ரசீது கேட்டதற்கு மையத்தின் பெயர் மட்டும் அச்சிட்ட துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தந்தார்கள். மருத்துவரின் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை.

தினமும் ஒரு பாட்டில் டிரிப்ஸ். “நரம்புச் சத்து” என்றார்கள். மூன்றாம் நாள் படியேற முடியவில்லை. ஐந்தாம் நாள் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. தலையை நிமிர்த்தி வைக்க முடியாமல் மோவாய் நெஞ்சில் முட்டியது. சொன்னேன். அங்கிருந்தவர் சிரித்த முகத்தோடு, “நச்சு வெளியேறுகிறது அம்மா, குணமாவதற்கு முன்னால் இப்படித்தான் கொஞ்சம் படுத்தும்” என்றார்.

தயவுசெய்து இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விழுங்க முடியாமல் போவதும் மூச்சு வாங்குவதும் எந்த நோயும் குணமாவதன் அடையாளம் அல்ல. அப்படி யாராவது சொன்னால் கையிலிருக்கும் ஊசியைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கட்டிய பணம் போகட்டும்.

நாங்கள் அப்படிப் போகவில்லை. ஒன்பதாம் நாள் இரவு 7 மணிக்கு, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற நிலையில்தான் என் கணவர் ஆட்டோவில் தூக்கிப்போட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அன்றுதான் முதன்முதலாக ஒரு மருத்துவர் என்னை இருட்டிய பிறகு பார்த்தார்.

பணியில் இருந்தவர் மேற்படிப்பு படிக்கும் இளம் மருத்துவர், என் மாணவிகளில் ஒருத்தியைப் போல இருந்தார். எந்த அறிக்கையையும் கேட்கவில்லை. “இது காலையிலும் இப்படித்தான் இருக்குமா, பொழுது போகப்போக அதிகமாகுமா?” என்று கேட்டார். பதினான்கு மாதங்களாக யாரும் கேட்காத கேள்வி. தலையை அசைக்காமல் மேலே மின்விசிறியைப் பார்க்கச் சொன்னார். அரை நிமிடத்துக்குள் இரண்டு இமைகளும் மெதுவாக இறங்கின. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். பதினான்கைத் தாண்ட முடியவில்லை. அவருடைய முகம் மாறியது. ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிச்சிட்டு, மூடியிருந்த என் இடது இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் கண் திறந்துகொண்டது. என் கணவர் “ஐயோ” என்று சத்தமாகச் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது.

“என்ன மருந்து ஏற்றினார்கள்?” என்று கேட்டார். மையத்தில் தட்டில் கிடந்த குப்பிகளை என் கணவர் செல்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றில் மெக்னீசியம் சல்ஃபேட் என்று இருந்தது.

நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூலமாக. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தாக்கி அழிப்பதுதான் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு நன்றாக இருக்கும், தசையும் நன்றாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு. அதனால்தான் எம்.ஆர்.ஐ.யில் தெரியாது, சாதாரண நரம்புக் கடத்தல் சோதனையிலும் தெரியாது. தசையைப் பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்வு கூடும், ஓய்வெடுத்தால் திரும்பும். மெக்னீசியம் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவருவதையே குறைக்கிறது. ஏற்கெனவே பாதி வழியில் நிற்கும் கட்டளையை அவர்கள் தினமும் ஒரு பாட்டில் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சுவாசத் தசைகளும் சோர்ந்துவிட்டால் செயற்கைச் சுவாசம்தான். நான் அதற்கு ஓரிரு நாள் தூரத்தில் இருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாட்கள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள். பிறகு நரம்பை வினாடிக்கு மூன்று முறை தொடர்ந்து தூண்டும் சோதனை செய்தார்கள். அதில்தான் தசையின் பதில் படிப்படியாகக் குறைவது தெரிந்தது. அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அதைத் தாக்கும் புரதம், இரத்தத்தில் இருந்தது. உடல் முழுக்கப் பரவிய நோயில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அது இருக்கும், கண்ணோடு நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். ஆகவே அந்தச் சோதனையில் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. மார்புக்கு சி.டி. எடுத்தார்கள். இந்த நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கு அல்லது சற்று அதிகமானவர்களுக்குத் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும். எனக்குக் கட்டி இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, அமிதாப் பச்சனுக்கும் 1980களில் இதே நோய் வந்தது என்று சொல்லி என்னைத் தேற்றினார். எனக்கு அது அன்றைக்குப் பெரிய பலமாக இருந்தது.

அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதைந்துவிடாமல் தடுக்கும் பைரிடோஸ்டிக்மின் 60 மில்லிகிராம் மாத்திரையை முதன்முதலில் போட்ட அன்று, முக்கால் மணி நேரத்தில் ஒரு முழு இட்லியைத் தாடையைப் பிடிக்காமல் மென்று சாப்பிட்டேன்.

இப்போது நோய் கட்டுக்குள் இருக்கிறது. பர்ஸில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா தடுப்பு மருந்துகள், ஊசி வழி மெக்னீசியம் எல்லாம் இந்த நோயை மோசமாக்கக்கூடியவை என்று அதில் எழுதியிருக்கிறது. பல் மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டுகிறேன். உங்களுக்கும் பொழுது சாயச்சாயக் கூடும் தொந்தரவு இருந்தால், அந்த நேரத்தில் முகத்தையும் பேச்சையும் செல்பேசியில் படமாக எடுத்து, தேதியும் மணியும் தெரியும்படி மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் சொன்னதை எழுதாதவர்கள்கூடப் படத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த மையத்துக்குப் போனோம். சிகிச்சைக் குறிப்பைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்றார்கள். பதிவு பெற்ற மருத்துவர், நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைத் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதி சொல்கிறது. அங்கே பதிவு பெற்ற மருத்துவரே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் எழுதினோம். மையத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். ஒரு வாரத்தில் ஆள் அனுப்பி, புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டால் 20,000 தருகிறோம் என்றார்கள். போடவில்லை. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். வழக்கு நடப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஆணையத்தில் எங்களிடம் கேட்டவை இரண்டுதான்: அந்தத் துண்டுச் சீட்டும் குப்பியின் படமும். உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஓர் இடத்தில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு இருந்தால், இன்றைக்கே போய்க் குப்பியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சீட்டை எறிந்துவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம், தமிழிலேயே பேசுகிறார்கள்.