ஒன்லைனில வாங்கின எக்ஸ்டென்சன் கோட்: சாமான் வந்திட்டுது, பேப்பர் வரேல்ல

ஒன்லைனில எக்ஸ்டென்சன் கோட் எடுக்க யோசிக்கிற யாழ்ப்பாணத்து ஆக்கள் இதை ஒருக்கா வாசிச்சிட்டு எடுங்கோ. செல்லரின்ர பேர் போடேல்ல, ஏன் எண்டா இதே சாமானை இதே படத்தோட கனபேர் விக்கிறாங்கள், ஒராளைச் சொன்னா மற்ற ஆக்கள் எல்லாம் நல்லாக்கள் எண்டு ஆயிடும்.

4 சொக்கெட், 2 யூ.எஸ்.பி, 3 மீற்றர் வயர், விலை 1,890 ரூபா. பேஜில 3000 வொட்ஸ், 13 ஆம்ஸ், எஸ்.எல்.எஸ் (இலங்கைத் தர முத்திரை), சி.இ எண்டு முத்திரை எல்லாம் வரிசையா நிண்டது. டெலிவரி நல்லம், சொன்ன நாளுக்கு முதலே வந்திட்டுது, கூரியர்ப் பெடியனும் மரியாதையாக் கதைச்சவன், பெட்டியும் வடிவு, சுவிட்சைப் போட்டா சின்னச் சிவப்பு லைட் எரியுது, போன் சார்ஜ் ஏறுது. கீழ றிவியூ போட்ட ஆக்களில முக்காவாசிப் பேர் இதோடயே 5 ஸ்டார் குடுத்திட்டினம், "சுப்பர், பாஸ்ட் டெலிவரி" எண்டு. அது கூரியருக்குக் குடுத்த ஸ்டார்.

நான் என்ன செய்தனான் எண்டா பேஜில கிடந்ததை ஒண்டொண்டாச் சாமானில தேடினன். முதல் வயர். வயருக்கு மேல பொடி எழுத்தில ஒரு வரி அச்சடிச்சிருக்கும், டோர்ச் அடிச்சுச் சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரியும், அதில 3×0.75 எண்டு கிடக்கு. 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் 6 ஆம்ஸுக்குத்தான் காணும், 13 ஆம்ஸ் எண்டா 1.25 வேணும். எங்கட 230 வோல்ற்றில 6 ஆம்ஸ் எண்டா 1380 வொட்ஸ், பேஜில 3000. 2200 வொட்ஸ் கேத்தல் ஒண்டைக் குத்தினாலே 9 ஆம்ஸுக்கு மேல இழுக்கும், வயரைச் சுருட்டின மாதிரியே விட்டா சூடு வெளிய போகவும் வழியில்லை. ட்ரிப் சுவிட்ச் விழும்தானே எண்டு நினைக்காதைங்கோ, அது ஏர்த் லீக்குக்கு, அதாவது கறண்ட் வெளிய கசிஞ்சா விழுறதுக்கு, ஓவர்லோட் அதுக்குத் தெரியாது. பிரேக்கர் வீட்டு வயரிங்குக்குக் கணக்குப் பண்ணிப் போட்டது, அது விழமுதல் இந்த மெல்லிய வயர் உருகத் துடங்கிடும்.

அதுக்காகத்தான் சதுர பின் பிளக்குக்குள்ள பியூஸ் வைக்கிறது. இதில பியூஸ் மூடி மாதிரி ஒரு கோடு கிடக்கு, நெம்பிப் பாத்தா அசையேல்ல, பிளாஸ்ரிக்கில வார்த்த வெறும் அச்சு! அதை விடப் பெரிய கூத்து ஏர்த் பின். பி.எஸ் 1363 எண்ட பிரித்தானியத் தரத்தில செய்யிற இந்தச் சதுர பின் பிளக்கில கீழ இருக்கிற ரெண்டு பின்னுக்கும் பாதிக்குக் கறுப்புக் கவர் இருக்கோணும், விரல் பட்டாலும் கறண்ட் அடிக்காமல் இருக்க, ஆனா நீட்டுப் பின்னுக்கு, அதுதான் ஏர்த், அதுக்குக் கவர் இருக்கவே கூடாது, இருந்தா உள்ளுக்கை ஏர்த் தொடாமல் போகலாம். இதில மூண்டுக்கும் கவர். பிளக்கைக் கையில எடுத்த உடன இதைப் பாருங்கோ, மீற்றர் ஒண்டும் தேவையில்லை.

பேந்து செல்லருக்கு மெசேஜ் போட்டன், பேஜில போட்ட முத்திரைக்குப் பேப்பர் இருந்தா அனுப்புங்கோ எண்டு. உடனயே ஒரு படம் வந்திட்டுது, திறந்தா ஐ.எஸ்.ஓ 9001. அது பக்டரி நிர்வாகம் எப்பிடி நடக்குது எண்டதுக்குக் குடுக்கிற சேர்டிபிகேற், இந்த வயர் பத்துமோ பத்தாதோ எண்டு அதில ஒரு சொல்லும் இல்லை. இது இல்லை, ரெஸ்ட் றிப்போர்ட் தாங்கோ எண்டு கேட்டன். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு படம், அதில மொடல் நம்பர் ஒண்டு கிடந்தது, கொம்பனிப் பேரும் கிடந்தது. என்ர சாமானைத் திருப்பித் திருப்பிப் பாத்தாலும் அதில மொடல் நம்பர் இல்லை, கொம்பனிப் பேரும் இல்லை, பெட்டியில "மேட் இன் சைனா" மட்டும். அப்ப அந்தப் பேப்பர் இந்தச் சாமானுக்கு எண்டு ஆர் சொல்லுறது? அதைக் கேட்டன். புளூ டிக் விழுந்தது, பதில் இல்லை.

சி.இ எண்டா சைனா எக்ஸ்போர்ட் எண்டு கதைக்கிறது சும்மா கதை. அது ஐரோப்பிய முத்திரைதான், ஆனா இந்த மாதிரிச் சாமான்களுக்குச் செய்த கொம்பனி தானே பொறுப்பெடுத்துக் குத்துறது, அதுக்குப் பின்னால ரெஸ்ட் பேப்பர் பைல் ஒண்டு கொம்பனியிட்ட கிடக்கோணும். கொம்பனிப் பேரே இல்லாட்டி பைலை ஆரிட்டப் போய்க் கேக்கிறது.

பிரான்ஸில இருக்கிற மச்சாள் அங்கத்தே சைற்றில இதே மாதிரி ஒரு சாமானின்ர பேஜைப் படம் பிடிச்சு அனுப்பினவ. செய்த கொம்பனியின்ர பேர், விலாசம், ஈமெயில், கொம்பனி சைனாவில எண்டபடியால் ஐரோப்பாவுக்குள்ள அதுக்குப் பொறுப்பான ஆள் ஆர், எச்சரிக்கை என்ன, எல்லாம் வாங்கிற பட்டன் கிடக்கிற பேஜிலயே. அங்க 2024 டிசம்பர் 13 இல இருந்து அது சட்டம், ஒன்லைனில விக்கிற எண்டா இதெல்லாம் காட்டியே ஆகோணும். இங்க எனக்கு வந்த பெட்டியில இறக்குமதி செய்த ஆளின்ர பேர் ஒட்டின ஸ்டிக்கர் கூட இல்லை.

அதே கிழமை ரவுணில ஒரு ஹார்ட்வெயார் கடையில கேட்டன். அண்ணை ரெண்டு கோட் எடுத்து மேசையில வைச்சார். "தம்பி, ரெண்டையும் தூக்கிப் பாரும், பாரமான வயர்தான் செம்பு கூட" எண்டார். 3,400 ரூபா, வயரில 1.25, பியூஸ் கழருது, எஸ்.எல்.எஸ் முத்திரையோட ஸ்டாண்டர்ட் நம்பரும் உடம்பிலயே குத்தியிருக்கு, பில்லில கடை முத்திரை. யூ.எஸ்.பி இல்லை, சிவப்பு லைட்டும் இல்லை. அதைத்தான் எடுத்தனான்.

ஒன்லைன் சாமானுக்கு 1 ஸ்டார். ரிட்டேர்ன் போட்டிருக்கிறன், கூரியர்க் காசு ஆர் குடுக்கிறது எண்டு இழுபறி, இழுத்தா 1977 க்கு அடிச்சுப் பாவனையாளர் அதிகாரசபையிட்டச் சொல்லுறதுதான். நேற்றுப் போய்ப் பாக்க அந்தப் பேஜில எஸ்.எல்.எஸ் படத்தை எடுத்துப்போட்டாங்கள், 3000 வொட்ஸ் அப்பிடியே கிடக்கு.