குழந்தையின் டர்ட் பைக்: சக்தியைத் திருகில் அடக்குவதா, சைலன்சரிலா, மின்சாரத்திலா?

குழந்தைக்கு டர்ட் பைக் (கரடுமுரடான மண்பாதைக்கான பைக்) ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெற்றோர், வண்டியின் சக்தியைக் குறைக்க நினைக்கும்போது பெரும்பாலும் உச்ச வேகத்தையே மனத்தில் கொள்கிறார்கள். வேகம் பாதியானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால் அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் புதிதாக ஓட்டும் குழந்தை எளிதில் தடுமாறுவது புறப்படும் நொடியில்தான்: த்ராட்டிலை, அதாவது வேகம் கூட்டும் கைப்பிடியை, திருகியதும் வண்டி முன்னே பாய்கிறது, உடல் பின்னே சாய்கிறது, பிடியை விடாத கை தன்னையறியாமல் மேலும் திருகிவிடுகிறது. எனவே எந்த முறையானாலும் அது அந்தப் பாய்ச்சலை அடக்குகிறதா என்பதையும், கட்டுப்பாட்டைத் தளர்த்தும் நாளில் குழந்தையின் மணிக்கட்டுக்குப் பழகியது உதவுமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

யமஹா பிடபிள்யூ 50, ஹோண்டா சிஆர்எஃப் 50 எஃப் போன்ற சிறுவர் வண்டிகளில் தயாரிப்பாளரே வைத்திருக்கும் ஏற்பாடு, த்ராட்டில் பிடியின் கூட்டில் உள்ள ஒரு திருகு (ஸ்க்ரூ). அதை உள்ளே திருகத் திருகப் பிடி சுழலும் தூரம் குறைகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் முழுமையாகத் திறப்பதில்லை. செலவில்லை, சில நிமிட வேலை, மறுபடியும் பழைய நிலைக்கு வரலாம். கை தவறி முழுக்கத் திருகினாலும் எஞ்சினுக்குக் கிடைப்பது சிறு திறப்பே என்பதால், மேற்சொன்ன பாய்ச்சலுக்கு இது நேரடியான மருந்து. இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. சுழலும் தூரம் மிகக் குறைவாக இருந்தால், குழந்தை த்ராட்டிலை ஒரு சுவிட்சைப் போலப் பாவிக்கப் பழகிவிடுகிறது: ஒன்று முழுக்கத் திருகுவது, அல்லது விட்டுவிடுவது. அந்தப் பழக்கத்தோடு இருக்கும் கைக்கு ஒரே நாளில் திருகை முழுதும் தளர்த்திக் கொடுத்தால், அடுத்த முழுத் திருகலில் முழுச் சக்தியும் வந்து விழும். கால் சுற்று, அரைச் சுற்று எனத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் திருகை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கி, எஞ்சினை நிறுத்திய நிலையில் பிடி தானாகத் திரும்புகிறதா என்று பார்ப்பதே முறை.

அளவுக்கு மீறி இறுக்குவதும் ஆபத்துதான். இவ்வகை வண்டிகளின் தானியங்கிக் கிளட்ச் மையவிலக்கு விசையால் இயங்குவதால், எஞ்சின் போதிய சுழற்சியை எட்டினால்தான் முழுமையாகப் பிடிக்கும். எட்டாவிட்டால் வழுக்கிக்கொண்டே சூடேறும். சிறு மேட்டில் ஏறும் வண்டி பாதியில் திணறி நின்றால், பின்னே உருளத் தொடங்கும் வண்டியைச் சமாளிக்கும் திறமை புதியவனுக்கு இருக்காது.

சைலன்சர் வழியில் புகை வெளியேறும் துளையைச் சுருக்கும் தகடோ வளையமோ இரண்டாவது வழி. எஞ்சின் வேகமாகச் சுழலும்போதே இந்த அடைப்பு வலுவாக உறைக்கிறது. கீழ்ச்சுழற்சியில் அதன் பாதிப்பு குறைவு. ஆகவே உச்ச வேகம் குறையும், புறப்படும் பாய்ச்சல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிடியின் முழுச் சுழற்சியும் பயன்படுவதால் மணிக்கட்டுப் பயிற்சிக்கு இது நல்லது என்பதை மறுக்க முடியாது. ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கரி படிந்து துளை மேலும் சுருங்கும். தகட்டை எடுத்தபின் கார்புரேட்டரின் ஜெட்டையும் (பெட்ரோல் வரும் சிறு துளை) சரிபார்க்க வேண்டியிருக்கலாம். திருகுக்குத் துணையாக இதை வைக்கலாம். இதை மட்டும் நம்ப மாட்டேன்.

செயின் ஓடும் பல்சக்கரத்தை (ஸ்பிராக்கெட்) மாற்றச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முன்னே சிறிய பல்சக்கரமோ பின்னே பெரியதோ போட்டால் உச்ச வேகம் குறையும் என்பது உண்மை. அதே மாற்றம் சக்கரத்தில் இழுவிசையைக் கூட்டுவதால் வண்டி முன்னைவிட வெடுக்கென்று கிளம்பும். தொடக்கக்காரனுக்கு இது தலைகீழான வைத்தியம். பிடபிள்யூ 50-இல் செயினே கிடையாது, சுழலும் தண்டு (ஷாஃப்ட்) மூலம் இயங்குவதால் இந்தக் கேள்வியே எழாது.

மின்சார வண்டி இந்த வரிசையில் தனி இனம். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே வலுவான முறுக்குவிசை தருவதால், கட்டுப்படுத்தாமல் கொடுத்தால் பெட்ரோல் வண்டியைவிட முரட்டுத்தனமாகப் புறப்படக்கூடும். ஆனால் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வழியாக உச்ச வேகம், சக்தி, த்ராட்டிலுக்கு வண்டி பதிலளிக்கும் துரிதம் ஆகியவற்றைத் தனித்தனியே குறைக்க இடமிருந்தால், அதற்கு நிகரான பெட்ரோல் ஏற்பாடு எதுவும் இல்லை. கேடிஎம் எஸ்எக்ஸ்-இ 5 வண்டியில் ஆறு ஓட்ட நிலைகள் உள்ளன. மிகக் குறைந்த நிலையிலும் பிடி முழுத் தூரம் சுழல்கிறது. எனவே கை அளந்து திருகக் கற்கிறது, நிலை உயர்ந்தபின் அதே நிதானம் கைகொடுக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: நிற்கும்போது ஓசையில்லாததால் வண்டி இயங்கும் நிலையில் இருப்பதைக் குழந்தை மறந்து, இறங்கித் தள்ளும்போது பிடியைத் திருகிவிடலாம். மணிக்கட்டில் மாட்டும் நிறுத்தக் கயிறு (இழுபட்டால் வண்டியை அணைப்பது) எல்லா வண்டிக்கும் நல்லது, இதற்கோ கட்டாயம்.

புதிதாக வாங்குவோருக்கு, வசதியிருந்தால், மின்சாரமே என் தேர்வு; வீட்டில் ஏற்கெனவே 50 சிசி வண்டி இருந்தால் திருகு போதும். பெரிய வண்டியை வாங்கிச் சக்தியை அடக்கிக் கொடுக்கும் யோசனைக்கு மட்டும் இவற்றில் எதுவும் விடையல்ல. பிடபிள்யூ 50 ஏறத்தாழ 41 கிலோ. கவாஸாகி கேஎல்எக்ஸ் 110 ஏறத்தாழ 76 கிலோ. த்ராட்டிலை எவ்வளவு இறுக்கினாலும் அந்த 35 கிலோவும், கால் தரையை எட்டவிடாத இருக்கை உயரமும் குறைவதில்லை.