விளையாட்டைப் பாடமாகப் படித்த நான்கு வருடம்: ரெக்ரியேஷன் தெரபி பட்டப்படிப்பு பற்றி என் மதிப்பீடு

இங்கே கனடாவில் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் யாராவது ஓர் அம்மா எனக்குத் தொலைபேசி எடுப்பார். "பிள்ளை, நீர் படிச்சது என்ன படிப்பு? அதுக்கு வேலை இருக்கோ?" போன மாதம் மட்டும் இரண்டு பேர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலம் சொல்வதை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

படிப்பின் முழுப்பெயர் தெரப்பியூட்டிக் ரெக்ரியேஷன். தமிழில் பொழுதுபோக்குச் சிகிச்சை என்று சொல்லலாம், ஆனால் எனக்கு அந்தச் சொல்லில் மனம் ஒட்டுவதில்லை. பக்கவாதம் வந்த ஒருவர் திரும்பவும் தன் தோட்டத்தில் இறங்க என்ன வழி, மறதிநோய் வந்தவர் ஒரு மணித்தியாலமாவது தன் பழைய ஆளாக இருக்க என்ன வழி, விபத்துக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளிக்கிடப் பயப்படும் பெடியனை எப்படி நண்பர்களிடம் திரும்பக் கொண்டுபோவது என்று யோசித்துத் திட்டம் போடும் தொழில் இது. அவரின் நிலையை அளவிடுவது, திட்டமிடுவது, நடத்துவது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது. எந்த நோயாளியிடம் போனாலும் இந்த நான்கு படியும் வரும்.

முதல் வருடம் பலருக்கு அதிர்ச்சிதான். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், பிறழ்நிலை உளவியல், மனித வளர்ச்சி, போதாததற்குப் புள்ளிவிபரவியல். ஓடியாடி விளையாடும் படிப்பு என்று நினைத்து வந்த மூன்று பேர் நத்தாருக்கு முன்பே வேறு துறைக்கு மாறிவிட்டார்கள். நானும் உடற்கூற்றியலில் தடுமாறித்தான் தேறினேன். ஆனால் மருந்தால் தலைசுற்றும் ஒருவரை நிற்கவைத்துப் பந்து எறியச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாமல் இந்த வேலை செய்ய முடியாது.

இந்தப் பட்டத்துக்குக் கொடுத்த காசு இரண்டாம் வருடத்தில் ஒரே ஒரு பாடத்தில் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. அக்டிவிட்டி அனாலிசிஸ் என்று அதற்குப் பெயர். ஒரு விளையாட்டை எடுத்து, அது உடம்பிடம் என்ன கேட்கிறது, மூளையிடம் என்ன கேட்கிறது, உணர்ச்சியிடம் என்ன கேட்கிறது, கூட இருப்பவர்களோடு எப்படிப் பழகச் சொல்கிறது என்று பிரித்து எழுத வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் பிங்கோ, கேர்லிங், வள்ளம் ஓட்டுவது என்று எடுத்தார்கள். நான் முந்நூற்றிநாலு எடுத்தேன். பெரியப்பா வீட்டு பேஸ்மென்டில் சனிக்கிழமை இரவுகளில் நான் பார்த்துப் பார்த்து வளர்ந்த காட்ஸ் விளையாட்டு.

பேராசிரியைக்கு முதலில் கணக்கை விளக்க வேண்டியிருந்தது. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் இல்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. எழுதத் தொடங்கிய பிறகுதான் அந்த விளையாட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே விளங்கியது. எட்டுக் காட்ஸை விசிறிபோல் பிடிக்க விரல்களுக்குப் பலம் வேண்டும். விழுந்த காட்ஸை நினைவில் வைக்க வேண்டும், புள்ளிகளை மனதுக்குள் கூட்ட வேண்டும். முதல் நான்கு காட்ஸை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்க, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறத் துணிவு வேண்டும். எதிரே இருக்கும் கூட்டாளி பிழைவிட்டால் கோபத்தை அடக்க வேண்டும். என் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்தது, முடியாதவருக்கு ஏற்றபடி அதை எப்படி மாற்றுவது என்ற பகுதி. ஒரு கை இயங்காதவருக்கு, காட்ஸைச் செருகி நிறுத்தப் பள்ளம் வெட்டிய மரக்கட்டை. பார்வை குறைந்தவருக்குப் பெரிய எழுத்துக் காட்ஸ். நினைவு தளர்ந்தவருக்கு ஆளுக்கு நான்கு காட்ஸ் மட்டும், துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தைக் காட்டும் காட்ஸை, மூடிவைக்காமல் திறந்தே வைப்பது. பதினொரு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு விருப்பத்தோடு வேறெந்த ஒப்படையும் எழுதியதில்லை.

கோட்பாட்டுப் பாடங்களில் கன் என்பவரும் பீற்றர்சன் என்பவரும் முன்வைத்த லெஷர் எபிலிட்டி மொடல் என்னோடு தங்கிவிட்டது. முதலில் செயற்திறனைச் சீராக்குவது, பிறகு ஓய்வுநேரத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பழக்குவது, கடைசியில் அவரே விரும்பிக் கலந்துகொள்வது. படி ஏற ஏற எங்கள் பிடி தளரும், அவருடைய சுதந்திரம் கூடும். வேலை செய்யும் ஒவ்வொரு நாளும், இப்போது நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று கேட்டுப் பார்க்கிறேன். மற்றக் கோட்பாட்டுப் பாடங்களை இன்னும் சுருக்கியிருக்கலாம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். நான் படித்த இடத்தின் பெயரை இதற்காகத்தான் தவிர்க்கிறேன். இந்தத் தொழிலுக்கான சி.ரி.ஆர்.எஸ். என்ற சான்றிதழை அமெரிக்காவில் 1981இல் தொடங்கிய என்.சி.ரி.ஆர்.சி. என்ற அமைப்பு கொடுக்கிறது. கனடாவிலும் அதற்கு மதிப்பு உண்டு. அதற்குப் பரீட்சை எழுத முன்பு 14 கிழமை தொடர்ச்சியாக, குறைந்தது 560 மணித்தியாலம் களப்பயிற்சி செய்ய வேண்டும். மேற்பார்வை செய்பவரும் அதே சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை எனக்கு யாரும் நேரத்துக்குச் சொல்லவில்லை. நானே தேடிப் பிடித்த இடத்தில் மேற்பார்வையாளருக்குச் சான்றிதழ் இல்லை என்பது தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது தெரிய வந்தது. ஒரு தவணை போய்விட்டது, வாடகையும் போய்விட்டது. பயிற்சிக்குச் சம்பளமும் இல்லை. கிழமைக்கு 40 மணித்தியாலம் அங்கே நின்றுவிட்டு, சனி ஞாயிறு கடையில் நின்றேன். இதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இன்னொரு குறை வாசிப்புப் பட்டியலில். ஏரிக்கரைக் கொட்டில், ஹொக்கி, கிறிஸ்மஸ் பாட்டு என்றுதான் எடுத்துக்காட்டுகள் வந்தன. முதுமையில் தாய்மொழிக்குத் திரும்பிப் போகும் குடிவரவாளர்களைப் பற்றி நான்கு வருடத்தில் ஒரேயொரு விரிவுரை. எங்கள் ஆட்கள் இவ்வளவு பேர் ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் முதுமையடையும்போது அது போதாது.

அந்த இடைவெளியை நான் களப்பயிற்சியில் நேரில் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் ஓர் ஐயா இருந்தார், ஊரில் தபால் அதிபராக இருந்தவர். எந்த நிகழ்ச்சிக்கும் வருவதில்லை என்று கோப்பில் எழுதியிருந்தது. அங்கே நடந்தது பிங்கோ, அதுவும் ஆங்கிலத்தில். நான் காட்ஸ் கட்டைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் வேண்டுமென்றே இல்லை, உண்மையாகவே புள்ளியைப் பிழையாகக் கூட்டிவிட்டேன். அவர் தலையை நிமிர்த்தினார்: "பிள்ளை, ஒன்பதுக்கு இருபதெல்லே?" அன்றிலிருந்து கிழமைக்கு மூன்று தரம். அவருக்கு நான் எழுதிய இலக்கு இப்படி: ஆறு கிழமைக்குள், ஒரு நினைவூட்டலுக்கு மேல் இல்லாமல், இன்னும் மூன்று பேரோடு 30 நிமிடம் விளையாடுவார். நான்காவது கிழமையில் மற்ற மூன்று பேரையும் அவரே தேடிப் பிடித்தார். அதில் ஒருவருக்குத் தமிழே தெரியாது, இத்தாலியர். ஐயா அவருக்கு விரலால் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வேலை பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒன்ராறியோவில் சட்டப்படி ஒவ்வொரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலும் பொழுதுபோக்கு, சமூக நிகழ்ச்சித் திட்டம் இருந்தே ஆகவேண்டும், அதனால் முதல் வேலை கிடைப்பது கஷ்டம் இல்லை. மருத்துவமனை மறுவாழ்வுப் பிரிவுகளுக்கும் மனநலப் பிரிவுகளுக்கும் போட்டி அதிகம். பிசியோதெரபி, ஒக்கியுபேஷனல் தெரபி போல இது இங்கே சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில் அல்ல, சம்பளத்திலும் அந்த வித்தியாசம் தெரியும். சான்றிதழை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்துகொண்டே பிள்ளையை அனுப்புங்கள்.

மாகாணத்துக்கு வெளியே போகத் தயார் என்றால் ஹலிபக்ஸில் டல்ஹவுசி, மொன்றியலில் கொன்கோர்டியா இரண்டிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் முற்பணம் கட்ட முன்பு இரண்டு கேள்வி கேளுங்கள்: களப்பயிற்சி இடத்தை யார் தேடித் தருவார்கள்? மேற்பார்வையாளரிடம் சி.ரி.ஆர்.எஸ். இருப்பதை யார் சரிபார்ப்பார்கள்? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்திருங்கள்.

பட்டத்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், களப்பயிற்சி ஒழுங்குக்கு இரண்டுதான். போன மாதம் கேட்ட அம்மாக்களில் ஒருவரின் மகள் இப்போது சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தொண்டராகப் போய்ப் பார்க்கிறாள். பெரிய எழுத்துக் காட்ஸ் கட்டு எங்கே வாங்கலாம் என்று நேற்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை வந்து எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.