டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 414: செல்லூர் மாடியறையில் ஓராண்டு

பழைய ஆங்கில பாப் பாடல்களை வீட்டிலேயே பாடி நாடாவில் பதிவு செய்ய விரும்புகிறவர் மதுரையில் முதலில் விசாரிக்க வேண்டியது கருவியின் விலையை அன்று, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் டவுன் பஸ் போகும் தொலைவில் இருக்கிறாரா என்பதைத்தான். டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 414 என்னும் நான்கு தட (டிராக்) கேசட் பதிவுக் கருவியைப் பழையதாக வாங்கி, செல்லூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஓராண்டு பயன்படுத்தி, பதினொரு பாடல்களை முடித்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டுக்குள் இருப்பது 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடா. ஸ்டீரியோ பதிவில் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என அதன்மீது நான்கு தடங்கள் அமைகின்றன. இந்த நான்கையும் ஒரே திசையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதியச் செய்தால் கேசட்டே ஒரு சிறிய ஸ்டுடியோ ஆகிவிடும் என்பதை டாஸ்காம் கருவிகளைச் செய்யும் டீயக் நிறுவனம் 1979இல் தன் 144 என்ற கருவியின் மூலம் காட்டியது. 414 அந்த வழியில் பின்னால் வந்தது. இதில் நாடா வினாடிக்கு 9.5 சென்டிமீட்டர் ஓடுகிறது. வீட்டு டேப் ரெக்கார்டரின் வேகம் 4.76 மட்டுமே. இரு மடங்கு வேகத்தால் தாளக் கருவிகளின் மேல்ஸ்தாயி ஒலிகள் மங்காமல் பதிகின்றன. ஆனால் 60 நிமிடக் கேசட்டில் நமக்குக் கிடைப்பது 15 நிமிடம்தான். பதிவான கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால் இரண்டு தடங்கள் மட்டும் பாதி வேகத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும். என் அக்கா மகன் இதைக் கண்டுபிடித்த ஞாயிற்றுக்கிழமை வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.

கணினியில் எத்தனை தடங்கள் வேண்டுமானாலும் கிடைக்கும் காலத்தில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் பாட விரும்பும் 1960களின் பாடல்கள் பலவும் இப்படித்தான் கட்டப்பட்டவை என்பதே என் பதில். பீட்டில்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டு சார்ஜண்ட் பெப்பர் ஆல்பம்கூட லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் நான்கு தடக் கருவிகளில்தான் உருவானது. அவர்களிடம் இருந்தது ஓர் அங்குல அகல நாடா, நம்மிடம் இருப்பது அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். ஆனாலும் இரு தரப்புக்கும் சிக்கல் ஒரே மாதிரியானதுதான். தடங்கள் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு தடத்தில் ஏற்றி, பழையவற்றை அழித்து இடம் பிடிக்க வேண்டும். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் அப்பா கேட்டு வளர்ந்த பாடல் ஒன்றைச் செய்தபோது, ஒன்றில் கஞ்சிராவும் இரண்டில் கிட்டாரும் மூன்றில் பாஸ் கிட்டாரும் பதிந்து, மூன்றையும் நான்காம் தடத்தில் கலந்த பிறகுதான் மூன்று குரல்களுக்கு இடம் கிடைத்தது. டாம்பரின் என்னும் மேற்கத்தியக் கைப்பறை இல்லாத வீட்டில் கஞ்சிராவே டாம்பரின். கலந்தபின் பாஸ் சற்றுக் கூடிவிட்டது தெரிந்தது, ஆனால் திரும்பிப் போக வழியில்லை. மூலப் பாடலிலும் பாஸும் டிரம்ஸும் ஏன் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு ஒலிக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இந்தக் கலவை வேலையில் கருவி ஓர் எச்சரிக்கையை எதிர்பார்க்கிறது. அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே ஒலி கசியும். மூன்றாம் தடம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நான்காம் தடத்தில் பதிவதால், நாடாவைத் தொட்டுப் பதியும் ஹெட்டுக்குள் ஒலி சுற்றிச் சுற்றிப் பெருகிச் சீழ்க்கைபோல ஊளையிடக்கூடும். கஞ்சிராவின் சலங்கையொலியை மூன்றில் வைத்த முதல் முயற்சியில் அதுதான் நடந்தது. கூர்மையான ஒலியை ஒன்றாம் தடத்துக்கு மாற்றி, பாஸை மூன்றில் வைத்ததும் அடங்கிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு தடங்களில் மட்டுமே பதிய முடியும் என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். தனியாகவோ அக்காவுடனோ பாடுகிற எனக்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

இனி மெக்கானிக்கிடம் வருகிறேன். இணையத்தில் விற்றவர் 'நல்ல வொர்க்கிங் கண்டிஷன்' என்று எழுதியிருந்தார். பெட்டியைப் பிரித்து ஓடவிட்டபோது என் குரல் தண்ணீருக்கடியில் ஆடுவதுபோல் அலைந்தது. டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றின் மாடியில், கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடைகள் நிறைந்திருந்த காலத்திலிருந்தே டெக் பழுதுபார்த்து வருகிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். இப்படி ஒரு கருவியை அவர் அதற்குமுன் கண்டதில்லை. பின்மூடியைக் கழற்றி இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, ஹெட்டு தேயல. பெல்ட்டுதான் தொங்கிப்போச்சு. இதுவும் டேப்பு ரெக்கார்டருதான, பயப்படாதீக" என்றார். ரப்பர் பெல்ட் வயதானால் தளரும் அல்லது தார்போல இளகும், அதற்குக் கருவி செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தன் டப்பாவிலிருந்த பெல்ட்டுகளில் சுற்றளவும் தடிமனும் ஒத்துவரும் ஒன்றைத் தேடிப் போட்டு, நாடாவை அழுத்தி ஓட்டும் பிஞ்ச் ரோலரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஹெட்டின் காந்தத்தையும் நீக்கிக் கொடுத்தார். மறுநாளே குரல் நேரானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரிடம் போய் வருகிறேன்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கருவி 120 வோல்ட் அடாப்டருடன் வந்தது. அதை நம் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகினால் புகைதான் வரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் கருவியிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள், இல்லையேல் அதன் ரீங்காரமும் பாட்டில் ஏறும். மின்விசிறி ரெகுலேட்டரின் கரகரப்பை எலெக்ட்ரிக் கிட்டார் அப்படியே பிடித்துக்கொள்வதால் விசிறியை அணைத்துவிட்டே பதிகிறேன். சித்திரை மாதத்து மாடியறையில் அப்படி மூன்று நிமிடம் பாடுவது எப்படியிருக்கும் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் தறிச்சத்தம் ஓய்கிற நேரமும் வேண்டும். ஜன்னலில் ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டும், ஒரு பாடலின் முடிவில் தறி தடதடப்பது லேசாகக் கேட்கிறது. அதை நீக்காமல் விட்டுவிட்டேன், பாட்டின் தாளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது.

இரைச்சலை அடக்க டி.பி.எக்ஸ். என்ற வசதி இருக்கிறது. பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கி, கேட்கும்போது மீண்டும் விரிப்பதே அதன் முறை. முழுப்பாட்டில் அது செய்யும் வேலை வியப்பூட்டுகிறது. ஆனால் பாஸ் கிட்டார் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தில், ஒவ்வொரு சுரத்தின் பின்னாலும் இரைச்சல் மூச்சுவிடுவதுபோல் எழுந்து அமர்கிறது. காது ஒருமுறை அதைப் பிடித்துவிட்டால் பிறகு விடாது. தொடக்கத்தில் பாஸ் தனியாக வரும் பாடல்களை நான் இப்போது தேர்ந்தெடுப்பதில்லை. சுருதியை ஏற்றி இறக்க வேகக் கட்டுப்பாடு இருப்பதால், அக்காவுக்கு எட்டாத மேல்ஸ்தாயி இடங்களில் நாடாவைச் சற்று மெதுவாக ஓடவிட்டுப் பாடச்சொல்லி, பிறகு சரியான வேகத்தில் ஓட்டுகிறேன். குரல் கொஞ்சம் இளமையாகிவிடுகிறது, அக்காவுக்கு அதில் வருத்தமில்லை.

உண்மையில் என்னைக் கவலைப்படுத்துவது கேசட்தான். இந்தக் கருவி டைப் 2 என்னும் குரோம் வகை நாடாவுக்காகச் சரிசெய்யப்பட்டது. இன்று புதிதாகத் தயாராகிறவை பெரும்பாலும் டைப் 1 என்னும் சாதாரண வகை. அவற்றில் பதிந்தால் ஒலியின் சமநிலை மாறிவிடுகிறது. 90 நிமிடக் கேசட்டின் நாடா மெல்லியது, முன்னும் பின்னும் நூறு முறை ஓட்டும் இந்த வேலைக்கு அது தாங்காது. ஆகவே பிரிக்கப்படாத பழைய 60 நிமிட குரோம் கேசட்டுகளைத் தேடித்தான் வாங்க வேண்டும். நான் வாங்கிய பத்தில் இரண்டு பூஞ்சை பிடித்திருந்தன, ஏழு தீர்ந்துவிட்டன. மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கடையை மூடிய பழைய ரெக்கார்டிங் சென்டர்காரர் ஒருவரின் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி கிடப்பதாகவும், தை பிறந்ததும் இறக்கித் தருவதாக அவர் சொன்னதாகவும் தகவல். அதுவரை மிச்சமிருக்கும் ஒன்றில் எந்தப் பாடலைப் பதிவது என்று அக்காவும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.