கைவினை கிட் கேட்லாக்: ஒன்றா, இரண்டா?

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கைவினை கிட் விற்கும் பிராண்டுக்கு முதலில் வரும் கேள்வி, எல்லாவற்றையும் ஒரே கேட்லாக்கில் போடுவதா, இரண்டாகப் பிரிப்பதா என்பதுதான்.

ஒரே புத்தகம் என்றால் எழுத்துரு, நிறம், பக்க அமைப்பு எல்லாம் ஒருமுறை முடிவானால் போதும். அச்சுச் செலவும் குறையும். குழந்தைக்காகப் புரட்டும் அம்மா, நாலு பக்கம் தள்ளி எம்பிராய்டரி கிட்டைப் பார்த்துத் தனக்கும் ஒன்று சொல்லிவிடுவார். சிக்கல் வடிவமைப்பில்தான். குழந்தைப் பக்கத்துக்குப் பெரிய எழுத்தும் பளிச்சென்ற நிறமும் வேண்டும்; பெரியவர்களோ நூலின் இழை தெரிகிற நெருக்கமான படத்தையும் ஊசி அளவையும் தேடுவார்கள். இரண்டையும் சமாளிக்கப் போனால், பல சமயம் பெரியவர்களின் கிட்டும் விளையாட்டுச் சாமான் போலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

தனித்தனி என்றால் இந்தத் தொல்லை இல்லை. மணி, பொத்தான் போன்ற சிறு பொருள்கள் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையும் கூட்டத்தில் தொலையாது. ஆனால் வேலை இரட்டிப்பு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் 4இன் மடங்கில் வர வேண்டும். கையில் 10 கிட்தான் என்றால் இரண்டையும் நிரப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

என்னைக் கேட்டால், கிட் குறைவாக இருக்கும்வரை ஒன்றே. ஒருபுறம் குழந்தைகள், தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு முன்னட்டை, பெரியவர்கள். நடுவில் சேர்ந்து செய்யும் கிட்டுகள். பின்னட்டையே இல்லாததால் ஆர்டர் படிவத்தை எங்கே வைப்பது என்பதுதான் கொஞ்சம் இடிக்கும்.